பிசிறு

கப்பலூர் சிட்கோ, இரண்டாவது தெரு.
ரப்பர் வளையம் செய்கிறோம்.
கார் எஞ்சினுக்குள் எங்கோ
எண்ணெய் கசியாமல் இறுக்கிப் பிடிக்கும் வளையம்.
ஓட்டுகிறவர் ஆயுசுக்கும் அதைப் பார்க்கமாட்டார்.
நானும் பார்த்ததில்லை.
என் வேலை சம்பளப் பட்டியல்.

அச்சிலிருந்து சூட்டோடு வரும்போது
வளையத்தைச் சுற்றிப் பிசிறு இருக்கும்,
தோசை ஓரத்து முறுகல்போல.
அதை வெட்ட ஒன்பது பெண்கள்.
ஆளுக்கு ஒன்பதாயிரத்து நானூறு.
வளைந்த கத்தரி, டியூப்லைட், நீள மேசை.
ஒச்சம்மாள் செக்கானூரணியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள்.
ஜன்னத் வில்லாபுரம்.
பேசிக்கொண்டேதான் வெட்டுவார்கள்;
பேச்சு நின்றால்
யாருக்கோ விரல் அறுபட்டிருக்கிறது.

ஆனியில் ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது.
எந்த ஊரில் என்று எனக்குத் தெரியாது.
முதலாளி பேப்பரை மடித்து வைத்துவிட்டு
"அங்கிட்டிருந்து வர்ற வளையத்துக்கு இனி வரி கெடையாது,
நம்ம வெலையில நாப்பது பைசா எறக்கணும்" என்றார்.
அதே ஒப்பந்தத்தில் மிஷினுக்கும் வரி இல்லை.
இதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

ஆவணியில் மிஷின் வந்தது, தூத்துக்குடி துறைமுகம் வழியாக.
நெற்றியில் சந்தனம். லாரிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம்.
வளையங்களை உள்ளே கொட்டினால்
குளிரில் விறைத்து
பிசிறு மட்டும் உதிர்ந்துவிடுமாம்.
வெளியே மதுரை வெயில், பெட்டிக்குள் மைனஸ் நூறு.
ஒன்பது பேரும் வந்து பார்த்தார்கள்.
ஜன்னத் கதவில் கையை வைத்து
"நல்லா ஜில்லுனு இருக்கு" என்றாள்.

மிஷினைப் பார்க்க டெல்வினும் கவியரசனும்.
பாலிடெக்னிக் படித்தவர்கள், இருபத்தோராயிரம்.
பக்கத்துக் கம்பெனி கூப்பிட்டதும் இருபத்துநான்காயிரமானது.
பிரஸ் ஓட்டும் ஆறு பேருக்குப் பதின்மூன்று.
பதின்மூன்றேதான்.
ஒன்பது பெயர்களை நான் எடுத்தேன்.
எடுப்பது சுலபம்: வரிசையைத் தொட்டு ஒரு தட்டு.
கீழே இருக்கும் பெயர்கள் தாமாகவே மேலே ஏறிக்கொள்ளும்.

ஐப்பசியில் கணக்கெடுப்புப் படிவம் வந்தது.
சராசரிக் கூலி, போன வருடம், இந்த வருடம்.
பதினேழு பேர்: பன்னிரண்டாயிரத்து முப்பத்தைந்து.
எட்டுப் பேர்: பதினைந்தாயிரத்து எழுநூற்றைம்பது.
நூற்றுக்கு முப்பத்தொன்று உயர்வு.
இரண்டு தடவை கூட்டினேன். தவறில்லை.
பொய்யுமில்லை.
சீல் வைத்து அனுப்பினேன்.
யாரோ வரைந்த ஒரு கோடு
என்னால் மயிரிழை அளவு மேலே போயிருக்கும்.

கார்த்திகையில் மிஷின் திணறியது.
சுண்டுவிரல் நகம் அளவு வளையம்,
அதன் உள்விளிம்பில் பிசிறு உதிரவில்லை.
மூன்று பெட்டி திரும்பி வந்தது.
மறுவாரம் ஒன்பதில் ஆறு பேர் வந்தார்கள்.
அதே மேசை, அதே டியூப்லைட்.
கத்தரி அவரவர் செலவு.
பெயர் திருமங்கலத்துக் கான்ட்ராக்டர் நோட்டில்,
நூறு வளையத்துக்குப் பதினோரு ரூபாய்.
பி.எஃப். என்பது அங்கே கெட்ட வார்த்தை.

லோன் கேட்ட இடத்தில் காட்ட வேண்டுமென்று
பழைய சம்பளச் சீட்டுக்கு ஒச்சம்மாள் வந்தாள்.
மேசையில் படிவத்தின் நகல் கிடந்தது.
எட்டாவது வரை படித்தவள், எண்களில் கண் ஓடும்.
"முப்பத்தொண்ணு ஏறியிருக்கே லோசனி, யாருக்கு?"
"ரெண்டு பேருக்குக் கொஞ்சம், அக்கா.
மத்தது நீங்க போனதுல ஏறுனது."
சிரித்தாள் என்று எழுத ஆசைதான்.
"அப்ப நாங்க இருந்ததுதான் கொறச்சலா"
என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு.

சீட்டுகளைச் சுருட்டி
கழித்துப்போட்ட பெரிய வளையம் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன்.
வாங்கியதும், பழக்கம்,
நகத்தால் அதன் பிசிறைச் சுற்றிக் கிள்ளி எடுத்து
என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பதினோரு பைசா.
எந்த நோட்டில் எழுத?